பட்டை கழற்றிய வண்டி

ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டே வருவார். திடீரென்று ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டி, "பொறுங்க, பின்னால பாத்துட்டு வாரேன்" என்று இறங்கிவிடுவார். பின்பக்கப் பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றி உள்ளே எட்டிப் பார்ப்பார். முட்டைப் பெட்டிகள் இருக்கும். சில நாள் தீவன மூட்டைகள் இருக்கும். பல நாள் ஒன்றுமே இருக்காது. ஒன்றுமில்லாத நாளிலும் அதே நேரம் நின்று பார்ப்பார். எதையும் தொடமாட்டார், நகர்த்தமாட்டார். திரும்பி வந்து ஏறி, என் பக்கம் பார்க்காமல், "செரிங்க, போலாமுங்க" என்பார்.

நான் அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்தேன். எழுபதுகளின் நடுவில் போனவள், எண்பதுகளின் நடுவில்தான் மாற்றலாகிக் கிளம்பினேன். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே உள்ளடங்கிய ஊர். வாரத்தில் ஒரு நாள் தடுப்பூசி மருந்து வாங்கி வர பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது. அவர் முட்டை ஏற்றிக்கொண்டு திருச்செங்கோடு போகும் நாளாகப் பார்த்து முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். அப்படி நூறு தடவைக்கு மேல் அவரோடு போயிருப்பேன். ஏன் நிறுத்துகிறீர்கள், எதைப் பார்க்கிறீர்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தெரியாததால் கேட்காமல் இருக்கவில்லை.

ஊருக்குள் அவருக்கு மிலிட்டரிக்காரர் என்று பெயர். அவர் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. அவருடைய வண்டிதான் பட்டாளத்தில் இருந்தது. ராணுவத்தில் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட பழைய பிக்கப் வண்டி. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வைத்திருந்த ஒருவர் அதை ஏலத்தில் எடுத்திருந்தார். இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு உழுத காட்டுக்குள்ளேயே இறங்கவேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே உயரமான வண்டியை இன்னும் உயர்த்தியிருந்தார். பின்அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் நடுவில் நாலு விரல் தடிமனுக்கு இரும்புக் கட்டை கொடுத்து, இருக்கிற பட்டைகள் போதாதென்று இரண்டு பக்கமும் லாரிப் பட்டைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தார். நீளமான இரும்புப் பட்டையை மேலே வைத்து, கீழே போகப் போகக் குட்டையானதாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்களே, அதுதான் வண்டிக்கு மெத்தை. இந்த வண்டியில் அது மெத்தையாகவே இல்லை. குழாய் பாரம் ஏற்றினால் ஒழுங்காகப் போகும். காலியாகப் போனால் பின்பக்கம் மேச்சேரிக் கிடாய் மாதிரி எம்பி எம்பிக் குதிக்கும்.

அப்படிப்பட்ட வண்டியை முட்டை ஏற்றுவதற்கு யாராவது வாங்குவார்களா என்று கேட்கலாம். அவருடைய கோழிப் பண்ணைக்குப் போகும் தடத்தின் குறுக்கே ஒரு ஓடை. மழைக்காலத்தில் வேறு எந்த வண்டியும் அதைத் தாண்டாது. இது தாண்டும். அதற்காக வாங்கினார். பெட்டிக்கு அடியில் உமி மூட்டைகளைப் பரப்பி ஓட்டினார். அப்படியும் முட்டை உடைந்தது. நான் வந்த புதிதில் அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. உடைந்ததை நாய்க்கு ஊற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

ஆகவே, திடீரென்று ஒரு நாள் அவர் வண்டியின் பின்பக்கத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கி, பட்டைகளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, ஊரில் எல்லோரும் முட்டைக்காகத்தான் என்று நினைத்தார்கள். அவருடைய மனைவியும் அப்படித்தான் நினைத்தார்.

முதலில் அந்த இரும்புக் கட்டைகளை எடுத்தார். வண்டி நாலு விரல் கீழே இறங்கியது. அச்சோடு பட்டையைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகள் நீளம் அதிகமாகிப்போயின. திருச்செங்கோட்டுப் பட்டறையில் குட்டையாக அடித்து வாங்கி வந்தார். பிறகு பக்கத்துக்கு ஒரு பட்டையைக் கழற்றினார். ஓட்டிப் பார்த்தார். போதவில்லை. இன்னொன்றைக் கழற்றினார். மிச்சமிருந்தவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதற்கு கிரீஸ் தடவி மறுபடியும் அடுக்கினார். பின்டயர்களில் காற்றைக் குறைத்தார். ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்த வேலைக்கு மாதங்கள் ஆகும். இது ஏழெட்டு வருஷம் நடந்த கதை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டியைச் சோதித்துப் பார்க்கிற விதம் மட்டும் ஒன்றுதான்.

மனைவியின் தம்பி லாரி ஓட்டுகிறவர். அவர் ஊருக்கு வந்திருக்கும் நாளில் அவரை ஓட்டச் சொல்லிவிட்டு, இவர் பின்பக்கம் ஏறி வெறும் பலகையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். சாக்கு வேண்டாம், வைக்கோல் வேண்டாம். வண்டி சேலம் போகிற சாலையில் ஆட்டையாம்பட்டி தாண்டி உள்ள தரைப்பாலம் வரைக்கும் போய்த் திரும்பும். எங்கே தூக்கிப்போட்டது, உடம்பில் எங்கே பட்டது என்று இறங்கியதும் சொல்வார். "வேப்பமரத்துத் திருப்பம், இடுப்பு. தரைப்பாலம், பொடனி." மச்சான் சிரிப்பார். எங்க மாமன் முட்டையோட முட்டையாப் படுத்துட்டு வாராரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு தடவை தோள்பட்டை கன்றிப்போய் என்னிடம் மருந்து போட வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். முதுகு முழுக்கப் பலகையின் இடைவெளிகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. நான் மருந்தைத் தடவினேன். ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. "ரெண்டு நாள் படுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

"ரெண்டு நாள்தானுங்களே" என்றார்.

இனி அந்த நாளைச் சொல்லவேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. எனக்கு இருபத்தி மூன்று வயது. ஊருக்குத் தெற்கே கூலி வேலை செய்கிறவர்களின் தெருவில் ஒரு பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவோடு மிலிட்டரிக்காரர் பண்ணையில்தான் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். விடிந்ததும் எனக்கு ஆள் வந்தது. போனேன். வலி நன்றாக வந்துகொண்டிருந்தது. எட்டு மணி வாக்கில் அவளுடைய அம்மா என்னைத் தனியே அழைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடலாமா என்று கேட்டாள். பிள்ளை இறங்குகிற மாதிரி தெரியவில்லை, தனக்கு மூன்று பிரசவம் ஆகியிருக்கிறது, இது வேறு மாதிரி இருக்கிறது என்றாள்.

நான் பொறுக்கச் சொன்னேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்கு முந்தின மாதம் ஒருத்தியைப் பயந்துபோய் சேலத்துக்கு அனுப்பினேன். பாதி வழியில் பிள்ளை சுகமாகப் பிறந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள், இந்த நர்சம்மாவுக்குச் சீட்டு எழுதத்தான் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியாது என்று சந்தையில் வைத்துப் பேசினார்கள். அது என் காதுக்கு வந்தது. இந்தப் பிரசவத்தை நானே பார்த்துக் காட்டவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

பத்து மணிக்கும் பொறுங்கள் என்றேன். பதினோரு மணிக்கு அந்தப் பெண் ஒரு தடவை வீறிட்டாள். அதோடு விட்டுவிட்டு வந்த வலி நின்று, ஒரே வலியாக ஆகிவிட்டது. முகம் வெளுத்தது. நாடியைப் பிடித்தேன். எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. கார் யாரிடமும் இல்லை. மிலிட்டரிக்காரர் வண்டிக்கு ஆள் ஓடியது.

அவர் சோற்றுக் கையோடு வந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. இருந்த வைக்கோலை அள்ளிப் பின்னால் போட்டார். பெண்ணைத் தூக்கிப் படுக்கவைத்தோம். தலையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருச்செங்கோட்டில் அப்போது ஆபரேஷன் வசதி இல்லாததால் வண்டி சேலத்துக்குக் கிளம்பியது.

அந்தச் சாலையை இப்போதைய சாலை மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. மேலே ஜல்லி பெயர்ந்து கிடக்கும், இடையிடையே வண்டிப்பாதை மாதிரி மண். பாரமில்லாத வண்டியின் பின்பக்கம் எங்களைத் தூக்கித் தூக்கிப் பலகையில் அடித்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓட்டுகிறவர் தலைக்குப் பின்னால் கண்ணாடி இல்லாத ஒரு திறப்பு. அதன் வழியாக அவளுடைய குரல் நேராக அவர் காதுக்குப் போனது.

"சாமி, மெதுவாங்க சாமி" என்றாள்.

அவர் மெதுவாக்கினார். நான் திறப்பின் பக்கம் எம்பி, "மெதுவாப் போகாதீங்க, வேகமாப் போங்க" என்று கத்தினேன். வேகத்தைக் கூட்டினார். மறுபடி அவள் மெதுவா என்றாள். மறுபடி குறைத்தார். நான் மறுபடி கத்தினேன். அப்படியே எவ்வளவு தூரம் போனோமோ தெரியாது. பிறகு அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஆட்டையாம்பட்டி தாண்டி ஒரு தரைப்பாலத்தில் வண்டி விழுந்து எழுந்தபோது நாங்கள் மூன்று பேருமே பலகையை விட்டு மேலே போய் வந்தோம். அதற்குப் பிறகு அவள் மெதுவா என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சர் வருவதற்கு முன்னால் நாடி நின்றுவிட்டது. பிள்ளையும் இல்லை.

அங்கே இருந்த டாக்டரம்மா வயதானவர். என்னை ஒரு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைப் பாதி சாத்திவிட்டுக் கேட்டார். நான் மறைக்காமல் சொன்னேன். கர்ப்பப்பை வீட்டிலேயே கிழிந்திருக்கிறது, அதுதான் நீ சொல்கிற பதினோரு மணி வலி என்றார். அந்த அம்மா எட்டு மணிக்குச் சொன்னபோது கிளம்பியிருந்தால் இரண்டு உயிரும் இருந்திருக்கும் என்றார். திட்டவில்லை. அதன் பிறகு நோயாளி யாரையோ பார்க்கப் போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் பதிவேட்டைத் திறந்து, காலை எட்டு மணிக்கு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது, வழியில் மரணம் என்று எழுதினேன்.

இருபது நாள் கழித்து மேலதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். சுகாதார நிலையத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டார். பெண்ணின் அம்மாவை எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு மணி பார்க்கத் தெரியாதுங்க என்றாள். அடுத்து மிலிட்டரிக்காரரைக் கேட்டார். எட்டு மணிக்குப் புறப்பட்டு ஒரு மணிக்கா போய்ச் சேர்ந்தீர்கள், அவ்வளவு தூரமா சேலம் என்றார்.

அவர் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வண்டி வழியில கொஞ்சம் தகராறு பண்ணிருச்சுங்க" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். என் வேலை தப்பியது. மிலிட்டரிக்காரர் வண்டி வழியில் நின்றுபோனதால்தான் அந்தப் பெண் செத்தாள் என்று ஊர் முடிவுகட்டியது. அவசரத்துக்குக்கூட அந்த வண்டியைக் கூப்பிட வேண்டாம் என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். அவர் காதுபட்டே பேசினார்கள். அவர் மறுக்கவில்லை. அந்த மாதக் கடைசியில்தான் பின்பக்கத்தைத் தூக்கி முதல் தடவையாக அந்தப் பட்டைகளில் கை வைத்தார்.

அவர் எனக்காகப் பொய் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நேரத்தைப் பற்றித்தான் அவருக்குத் தெரியும், அவளைக் கொன்றது அந்த நேரம்தான் என்பது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. பாவம், தன் வண்டி குதித்ததால்தான் அவள் செத்தாள் என்று நினைத்துத் தவிக்கிறார் என்று அவருக்காக இரக்கப்பட்டேன். இரக்கப்பட்டுக்கொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாரத்தில் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திருச்செங்கோடு போய்வந்தேன். அவர் இறங்கிப் பின்னால் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் நேரே முன்னால் தெரிகிற மலையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

மூன்று வருஷம் கழித்து அதே தெருவில் இன்னொருத்திக்குப் பிரசவத்தில் பிள்ளையின் கால் முதலில் வந்தது. நான் ஒரு நிமிஷமும் வைத்திருக்கவில்லை. வேறு வண்டி இல்லாததால் இவரைத்தான் கூப்பிட்டார்கள். அன்று நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனபோதுதான் அந்த வண்டிக்கு அவர் என்ன செய்திருக்கிறார் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. அதே சாலைதான், அதே குழிகள்தான். வண்டி அவற்றில் இறங்கி ஏறியது. தூக்கிப்போடவில்லை. படகில் உட்கார்ந்த மாதிரி ஒரு அசைவு மட்டும் இருந்தது. வேகமும் குறையவில்லை. வலிக்கு நடுவில் அந்தப் பெண் கொஞ்சம் கண்ணயர்ந்துகூடப் போனாள். தரைப்பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிப் பின்னால் வந்தார். நான் நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை. படுத்திருந்தவளிடம் குனிந்து, "வலிச்சுதா சாமி?" என்றார்.

பண்ணைக்காரர் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணை அப்படிக் கேட்டால் அவள் என்ன சொல்வாள். திகைத்துப்போய், "இல்லீங்க" என்றாள். அவர் நம்பாத மாதிரி இன்னொரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நகர்ந்து ஆஸ்பத்திரிச் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஊர் மறுபடி அந்த வண்டியைக் கூப்பிடத் தொடங்கியது.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் ஒரு பட்டையைக் கழற்றினார். மெத்தென்ற பட்டை பாரத்தைத் தாங்காது. முட்டைப் பெட்டிகளை முழுக்க ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்து டயர் மேலே உரசும். திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். பாதி பாரம்தான் ஏற்ற முடிந்தது. மச்சான் சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சண்டை போட ஆரம்பித்தார். ஒரு நாள் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், பகல் பதினோரு மணிக்கு, மேலே இருக்கிற நீளமான மெயின் பட்டையே ஒடிந்தது. வண்டி சாய்ந்து பெட்டிகள் அத்தனையும் சாலையில் கொட்டின. அவருக்கு நெற்றியில் நாலு தையல். நான்தான் போட்டேன்.

அந்த வாரமே அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நேராகப் பேசுகிறவர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அந்த வண்டி எங்கூட்டுக்காரரைக் கொல்லாம உடாதுங்க நர்சம்மா" என்றார். "நாலு பட்டையத் திருப்பிக் கட்டுங்கன்னா காதுலயே வாங்கறதில்ல. எந்தம்பி சொல்லியாச்சு, எங்கப்பன் சொல்லியாச்சு. நீங்க சொன்னாக் கேப்பாருங்க. உங்க மேல அவருக்கு ஒரு மரியாதை."

மரியாதை என்ற சொல்லை அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பண்ணைக்குப் போனேன். கோழிகளின் சத்தம் கூரைக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து, புது மெயின் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. முகம் தெரியாதது எனக்கு உதவியாக இருந்தது. ஒரு தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்து, அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அந்தப் பொண்ணு உங்க வண்டியால சாகலைங்க. எட்டு மணிக்கே அவங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னாங்க. நான்தான் பொறுங்கன்னேன். வீட்டிலயே கர்ப்பப்பை கிழிஞ்சிடுச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க எப்படிக் கொண்டுபோயிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டா. இத்தனை வருஷம் நான் அதை உங்ககிட்டச் சொல்லலை."

ஸ்பேனர் திருகும் சத்தம் நின்றது. பிறகு அவர் சாக்கோடு நகர்ந்து வெளியே வந்தார். உட்கார்ந்தார். வேஸ்ட் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார். "டாக்டரம்மா உங்களைக் கூட்டிவெச்சுச் சொன்னப்ப நான் கதவுக்கு வெளியிலதான் நின்னுட்டிருந்தேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு எதற்காக இதெல்லாம் என்று கேட்டேன். எதற்காகப் பட்டைகளைக் கழற்றினீர்கள், எதற்காகப் பலகையில் படுத்தீர்கள், எதற்காக ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கேட்கும்போது எனக்குக் கோபம்கூட வந்தது. அவர் என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி.

"செத்தது வேறங்க" என்றார். "சாவறதுக்கு முன்னால ரெண்டு மணி நேரம் அவ உசுரோட இருந்தா. அந்த ரெண்டு மணி நேரமும் என்ற வண்டிலதான இருந்தா."

துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"மெதுவாங்கன்னு அவ சொன்னா. வேகமாப் போங்கன்னு நீங்க சொன்னீங்க. ரெண்டுல ஒண்ணைத்தான் என்னால கேக்க முடிஞ்சுது. உங்க பேச்சைக் கேட்டேன். பின்னால மெத்துனு இருந்திருந்தா ரெண்டு பேரு பேச்சையும் கேட்டிருப்பனுங்க."

அவ்வளவுதான் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குற்றமும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு உரியதை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். என்னுடையது எதுவோ அதை அவர் தொடவே இல்லை. அது என் பக்கத்திலேயே கிடந்தது. கொஞ்சம் கழித்து, அந்தப் பெரிய ஸ்பேனரை எடுத்துக் குடுங்க என்றார். எடுத்துக் கொடுத்தேன். மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

வெளியே காத்திருந்த அவர் மனைவியிடம், நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்றேன். ஏன் கேட்கவில்லை என்று சொல்ல அன்றும் எனக்கு வாய் வரவில்லை. அவர் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்போல. அடுத்த வருஷம் தம்பியைச் சேர்த்துக்கொண்டு முட்டைக்கென்று தனியாக ஒரு டெம்போ வாங்கினார். ஓடைக்குக் குறுக்கே பாலமும் வந்துவிட்டது. மிலிட்டரி வண்டி ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்கு மட்டும் என்று நின்றது. பிரசவம், பாம்புக்கடி, கிணற்றில் விழுந்து இடுப்பு உடைந்தவர்கள். நான் இருந்த வரைக்கும் அதில் போனவர்களில் வேறு யாரும் வழியில் சாகவில்லை. அதைப் பற்றி அவர் பெருமையாக எதுவும் சொன்னதில்லை. ஒவ்வொருவரையும் இறக்கும்போது அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்பார். யாராவது, தோளில் கொஞ்சம் பட்டது என்று சொல்லிவிட்டால் மறுநாள் வண்டி முட்டுக்கொடுத்து நிற்கும்.

எனக்கு ஆத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் ஊரில் இல்லை, யாரையோ ஏற்றிக்கொண்டு சேலம் போயிருந்தார். பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் இறந்துபோன செய்தி நாலைந்து மாதம் பிந்தித்தான் எனக்கு வந்தது. காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். யாரும் எங்கேயும் கொண்டு போகவேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகும் பல வருஷம் வேலை பார்த்தேன். எந்தப் பிரசவத்தையும் நான் பொறுங்கள் என்று பிடித்து வைத்திருந்தது கிடையாது. சந்தேகம் வந்தால் அனுப்பிவிடுவேன், கூடவே நானும் ஏறிக்கொள்வேன். அம்பாசிடர் கார், வாடகை வேன், கடைசியில் ஆம்புலன்ஸ் என்று எத்தனையோ வண்டிகள். கதவைச் சாத்தியதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, வேகமாகப் போகட்டுமா, மெதுவாகப் போகட்டுமா அம்மா என்று கேட்பார். எல்லா டிரைவரும் கேட்பார்கள். ஒரு தடவைகூட என்னால் உடனே பதில் சொல்ல முடிந்ததில்லை. படுத்திருக்கிறவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் ஏதாவது சொல்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.